ஒரு நாளைக்கு ஒரு கட்டு

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை இப்படிக் கேட்டிருந்தாள்: "அக்கா, பி.எஸ்சி. முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டைம்டேபிள் போட்டு ஒரு வாரம் வெறியோடு படிக்கிறேன். எட்டாம் நாள் ஏதாவது ஒன்று வந்து கெட்டுவிடுகிறது. அப்புறம் பத்து நாள் புத்தகத்தையே தொடுவதில்லை. படித்ததும் மறந்துபோகிறது. வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார், அவர் பக்கத்தில் உட்காராமல் நான் மட்டும் படிப்பது மனசை உறுத்துகிறது. ஆர்வம் குறையாமல் ஒழுங்காகப் படிப்பது எப்படி?"

உன் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறது. நான் வளர்ந்ததும் அப்படி ஒரு வீடுதான், பேர்ணாம்பட்டுக்குப் பக்கத்தில். அம்மா பீடி சுற்றினார். நான் டிகிரி முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே படித்தேன். இரண்டு முறை எழுதித் தவறி, மூன்றாம் முறை தேறி, இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து படிக்கிறார்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் நான் செய்து பார்த்தது, அவர்கள் செய்து பார்த்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆர்வம் குறையவில்லை. ஆர்வம் குறைந்தவள் ஒன்றரை வருஷம் கழித்தும் இப்படி உட்கார்ந்து எழுதிக் கேட்கமாட்டாள். கெட்டுப்போவது உன் டைம்டேபிள். நீ அதை நல்ல நாளுக்காகப் போடுகிறாய். விடியற்காலை நாலரைக்குத் தமிழ், ஏழுக்கு வரலாறு, பத்துக்குக் கணக்கு, சாயங்காலம் நடப்பு நிகழ்வு, ராத்திரி திருப்புதல். காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் யாருக்கும் காய்ச்சல் வராது, யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், கரண்டு போகாது.

நம் வீட்டில் அப்படிப்பட்ட நாள் மாதத்தில் எத்தனை வரும், எண்ணிப் பார். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இருக்காது. மாதவிடாய் நாட்களில் இடுப்பு வலியோடு எத்தனை மணி நேரம் தரையில் உட்கார முடியும்? ரேஷன் கடையில் ஒரு காலைப்பொழுது போய்விடும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா, அம்மன் சிரசு ஊர்வலம் என்றால் அதற்கு முந்தின மூன்று நாளும் வீடு நிறைய உறவுக்காரர்கள், எல்லோருக்கும் சமையல். அக்கினி நட்சத்திரத்தில் நம் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஷீட் போட்ட வீட்டில் மதியம் 12-லிருந்து 4 வரை புத்தகம் பிடித்தால் எழுத்து மிதக்கும். மாதத்தில் பாதி நாள் இப்படித்தான். அந்தப் பாதியை இல்லை என்று வைத்துப் போட்ட திட்டம் எட்டாம் நாள் உடையாமல் என்ன செய்யும்?

அதனால் கெட்ட நாளுக்குத் திட்டம் போடு. உன்னால் முடியவே முடியாத ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் உன் தினசரி அளவு. நல்ல நாளில் அதற்கு மேல் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் செய்துகொள்.

அந்த அளவு எவ்வளவு என்பதை நான் என் அம்மாவிடம்தான் கற்றேன். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி என்பது உனக்குத் தெரியும். ஆனால் எந்த அம்மாவும் முறத்தின் முன்னால் உட்காரும்போது ஆயிரத்தை நினைத்துக்கொண்டு உட்காருவதில்லை. இராத்திரி நனைத்து வைத்த இலையை எடுத்து, தகடு வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி ஓரமாக வைக்கிறார். இருபத்தைந்து சேர்ந்ததும் ஒரு கட்டு. கட்டு கட்டியதும் ஒரு மூச்சு. அப்புறம் அடுத்தது. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். பாதியில் அடுப்பைப் பார்க்க எழுந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனாலும் கட்டின கட்டு கட்டினதுதான், அது அவிழ்ந்துபோகாது. நான் "இரண்டு மணி நேரம் படிக்கணும்" என்று உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், அன்று முழுவதும் தோற்ற மாதிரி இருக்கும். என்னைப் போலவே பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்த அம்மாவோ சாயங்காலம் நாற்பது கட்டு வைத்திருப்பார். அவர் மணியைப் பார்த்ததில்லை, கட்டைத்தான் எண்ணினார்.

இப்போது உன் வினாத்தாளைப் பார். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100 கேள்வி, அதாவது நான்கு கட்டு. பொது அறிவு 75, மூன்று கட்டு. திறனறிவு 25, ஒரே கட்டு. ஆக எட்டுக் கட்டுதான் அந்தப் பரீட்சை முழுவதும். 180 நிமிடத்தை எட்டால் வகுத்தால் ஒரு கட்டுக்கு இருபத்திரண்டரை நிமிடம். நமக்கென்றே யாரோ கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? அதனால் உன் தினசரி அளவு ஒரு கட்டு: 25 கேள்வி. மணி நேரத்தை மறந்துவிடு. காய்ச்சலிலும் ஒரு கட்டு, திருவிழாவிலும் ஒரு கட்டு. பேருந்தில் போகும்போது மனசுக்குள் போட்டாலும் சரி. வீட்டில் ஆளில்லாத நாளில் ஐந்து கட்டு போடு, ஆறு போடு, யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒன்று முடித்துவிட்டால் அன்றைய நாள் ஜெயித்த நாள்.

ஒரு நாளைக்கு 25 கேள்வி போதுமா என்று கேட்பாய். அது மட்டும் போதாது. ஆனால் எனக்குத் தெரிந்து, ஒரு கட்டு போட உட்கார்ந்தவர்கள் ஒன்றோடு எழுந்தது குறைவு. ஆர்வம் வந்த பிறகு உட்காரலாம் என்று காத்திருக்கிறோம். நான்காம் கேள்வியிலோ ஐந்தாம் கேள்வியிலோ ஒரு விடை சரியாக வரும், அதற்கப்புறம்தான் ஆர்வம் வந்து பக்கத்தில் உட்காரும். முதல் நான்கு கேள்வி வரைக்கும் அது இல்லாமலேயே போகவேண்டும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான், துறைத் தேர்வுக்குப் படிக்கும்போதும்.

இனி மறதி. நீ சொன்னதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். படித்தது மறந்துபோனால் நேற்றைய உழைப்பு வீண் என்று தோன்றும், அப்படித் தோன்றினால் இன்றைக்கு உட்காரப் பிடிக்காது. உன் ஆர்வம் ஒழுகும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். வேலூர்ப் புரட்சிப் பாடத்தை நான் ஐந்து முறை வாசித்திருப்பேன். நம் ஊர்க் கதை, பிடித்த பாடம். 1806 ஜூலை 10, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் கடுக்கனுக்கும் தடை, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, எல்லாம் தலைகீழ்ப் பாடம் என்று நினைத்திருந்தேன். ஒரு மாதிரித் தேர்வில் "அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் யார்" என்று கேட்டிருந்தார்கள். விடைகளில் வில்லியம் பெண்டிங்கும் இருந்தார், ஜான் கிரடாக்கும் இருந்தார். இரண்டு பெயரும் பழகின பெயர். நான் கிரடாக்கைக் கருப்பாக்கினேன். கிரடாக் படைத் தலைவர், ஆளுநர் பெண்டிங். அந்தப் பக்கம் எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்பது வரைக்கும் எனக்குக் கண்ணில் தெரிந்தது. விடை மட்டும் தெரியவில்லை.

பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு. வாசிக்க வாசிக்க முதலாவது வளரும், அது நமக்குப் பாடம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பைக் கொடுக்கும். பரீட்சைக்கு வேண்டியது இரண்டாவது. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கணக்கு தலைகீழ்: படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நினைவில் இருந்தது சுமார் 40 விழுக்காடு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நினைவில் நிற்கும் என்ற நம்பிக்கை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகமாக இருந்ததாம். கிரடாக்கைக் கருப்பாக்கின அன்று எனக்கு இருந்த நம்பிக்கையும் அதே ஜாதிதான்.

ஆகவே கட்டு என்றால் 25 கேள்வி வாசிப்பது கிடையாது. ஒரு பாடத்தை ஒரு தடவை நிதானமாகப் படி. புத்தகத்தை மூடு. நீயே கேள்வி எழுது, நீயே பதில் சொல்லு, அப்புறம் திறந்து பார். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அந்தப் பதில் வராமல் தவிக்கிற பத்து விநாடி இருக்கிறதே, அந்தத் தவிப்பில்தான் பாடம் ஒட்டுகிறது. அவசரப்பட்டுப் புரட்டிவிடாதே.

எந்தத் தாளில் எழுதுவது? நோட்டுப் புத்தகம் வேண்டாம். வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும். காலையில் நேற்றைய தேதியைக் கிழிக்கிறோம், கசக்கிப் போடுகிறோம். அதைப் போடாதே. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அதுதான் உன் தாள். நேற்றைக்குத் தவறவிட்ட கேள்விகளை அதில் எழுது. ஒரு தாளில் ஐந்தாறு கேள்விக்கு இடம் இருக்கும், விடைகளைக் கீழே சின்னதாகத் தலைகீழாக எழுது. முன்பக்கத்தில் தேதி அச்சாகவே இருக்கிறது, எப்போது தவறவிட்டாய் என்று தனியாகக் குறிக்க வேண்டாம். ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் என் கிரடாக்கும் பெண்டிங்கும் ரொம்ப நாள் இருந்தார்கள்.

மூன்று டப்பா எடுத்துக்கொள். நான் ஷூ டப்பா வைத்திருந்தேன், ஆம்பூரில் இருந்ததால் அதற்குப் பஞ்சமில்லை. பிஸ்கட் டப்பாவும் ஆகும். புதுத் தாள் முதல் டப்பாவில். முதல் டப்பாவைத் தினமும் எடுத்துக் கேட்டுப் பார். தாளில் உள்ள எல்லாவற்றுக்கும் பார்க்காமல் விடை வந்தால் இரண்டாம் டப்பாவுக்கு மாற்று, அதை வாரத்தில் ஒரு நாள் கேள். அங்கேயும் வந்தால் மூன்றாவதுக்கு, அதை மாதத்தில் ஒரு நாள். எந்த டப்பாவில் தவறினாலும் தாள் முதல் டப்பாவுக்கே திரும்பும், இரக்கம் காட்டாதே. ஜெர்மன் மொழியில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-லேயே இந்த டப்பா முறையை எழுதி வைத்திருக்கிறார் என்று எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. இது ஏன் பலிக்கிறது என்றால், மறதிக்கு ஒரு போக்கு இருக்கிறது. எபிங்ஹாஸ் என்பவர் 1885-ல் தன்னைத் தானே சோதித்து எழுதினார்: படித்ததில் பெரும் பங்கு முதல் நாளிலேயே உதிர்ந்துவிடுகிறது, அதற்கப்புறம் உதிர்வது மெதுவாகிறது. உதிரப்போகிற நேரத்தில் ஒரு தடவை பிடித்து இழுத்தால் அடுத்த தடவை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். படித்தது மறந்துபோகிறது என்று வருத்தப்படாதே, எல்லோருக்கும் மறக்கும்.

மாதக் கடைசியில் மூன்றாம் டப்பாவை எடுத்துத் தட்டிச் சீராக்கினால் கை நிறையத் தாள் இருக்கும். எனக்கு உற்சாகம் வேண்டிய நாளில் நான் பார்த்தது அதைத்தான். யாருடைய பேச்சைக் கேட்டும் வராத தெம்பு அந்தத் தாள்களைக் கையில் பிடித்தால் வந்தது. ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது, இப்போது தெரியும், தேதி போட்டு அத்தாட்சி இருக்கிறது.

ஆண்டுகள் நினைவில் நிற்கவில்லை என்று நிறையப் பேர் அழுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே பாடப்புத்தகத்தின் நான்கு பெரிய ஆண்டுகள் கிடக்கின்றன. 1749 ஆம்பூர்: நவாப் அன்வாருதீன் சண்டையில் இறந்த இடம், இரண்டாம் கர்நாடகப் போரின் ஆரம்பம். 1751 ஆற்காடு: கிளைவ் பிடித்து முற்றுகையைத் தாங்கியது, அந்தப் போரையே திருப்பியது. 1760 வந்தவாசி: ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தது, பிரெஞ்சுக்காரர்கள் கதை முடிந்த இடம். 1806 வேலூர். நான் ஷிப்ட் முடிந்து பேருந்தில் வரும்போது ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் ஏறினால் 1749 என்று ஆரம்பிப்பேன். யார், யாரோடு, ஏன், அதற்கப்புறம் என்ன உடன்படிக்கை, எல்லாவற்றையும் என்னையே கேட்டுக்கொண்டு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போ. கோட்டை அகழியை ஒட்டி ஒரு தடவை நட, மக்கான் சந்திப்பில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார். பார்த்த இடத்தில் நடந்ததாகப் படித்தது அவ்வளவு சுலபத்தில் போகாது. மாதத்தில் ஒரு நாள் வெளியே போய்வந்த மாதிரியும் ஆயிற்று.

தமிழைத் தள்ளிப்போடாதே. நம் தாய்மொழிதானே என்ற அலட்சியத்தில் நிறையப் பேர் அதைக் கடைசிக்கு வைக்கிறார்கள். தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 60 பெரிய விஷயமில்லை, ஆனால் உன் தரவரிசையை உயர்த்தப்போவதும் அந்த நான்கு கட்டுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரிசையாகப் பிடி. நூல்வெளி, சொல்லும் பொருளும் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருப்பதை ஒன்று விடாதே.

கணக்கில் விழுக்காடு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் என்று பத்தாம் வகுப்புத் தரம்தான். தினமும் ஐந்து கணக்கைக் கையால் போடு, போதும். வீடியோ பார்த்துப் புரிந்துவிட்டது என்று விடாதே. அடுத்தவர் போடும் கணக்கு எல்லோருக்கும் புரியும்.

நாள் தவறினால் என்ன செய்வது? இதை நன்றாக மனசில் வைத்துக்கொள், ஏனென்றால் நீ உடைவது இந்த இடத்தில்தான். எல்லா ஏற்பாட்டையும் மீறி ஒரு நாள் போகும். சாவு வீடு வரும், ஆஸ்பத்திரி வரும். அன்றைய தாளை வெறுமையாகவே முதல் டப்பாவில் போட்டுவிடு. மறுநாள் ஒரு கட்டு போடு. இரண்டு போடாதே. பாக்கி சேர்க்காதே. ஒரு நாள் காய்ச்சலில் படுத்த அம்மா மறுநாள் இரண்டாயிரம் பீடி சுற்றியதை நீ பார்த்திருக்கிறாயா? வழக்கம்போல அவருடைய ஆயிரத்தைச் சுற்றுவார். நாம்தான் விட்டதையெல்லாம் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, கடைசியில் எட்டு நாள் பாக்கி என்று பார்த்து, பயந்து, புத்தகத்தையே ஒளித்து வைக்கிறோம். உன் "பத்து நாள் தொடவில்லை" என்பது சோம்பல் இல்லை, பாக்கிக்குப் பயந்தது. பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடு. வட்டிக்காரர்போல மனசு கேட்டுக்கொண்டே இருக்கும், கொடுக்காதே.

படிக்கிற இடமும் ஒரே இடமாக இருக்கட்டும், ஒரு மூலை போதும். அங்கே உட்கார்ந்தால் படிப்பு, சாப்பாடும் போனும் வேறு இடத்தில். போனை அணைத்து இன்னொருவரிடம் கொடு, அரிசி டப்பாவின் மேல் வைத்தாலும் சரி. அதில் வருகிற குழுக்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியிலிருந்து வெளியே வா. நான் நூற்றுக்கணக்கான பி.டி.எஃப். இறக்கி வைத்திருந்தேன், இறக்கினதே படித்த மாதிரி ஒரு நிம்மதி கொடுக்கும். அதில் பத்தைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. பள்ளிப் புத்தகம், பழைய வினாத்தாள், ஒரு செய்தித்தாள், இந்த மூன்றைத் தவிர எதையும் முதல் ஆறு மாதத்துக்குத் தொடாதே.

இரண்டாம் முறை எழுதும்போது ஒரு பயிற்சி மையத்தில் கட்டணம் கட்டினேன். அம்மாவின் கம்மலை அடகு வைத்த பணம். முதல் மாதம் நன்றாக நடத்தினார்கள். அப்புறம் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கடைசி மூன்று மாதம் அச்சடித்த தாள் மட்டும்தான் வந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. எல்லா மையமும் அப்படி இல்லை, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டினால் ஆர்வம் வரும் என்று நினைத்துக் கட்டாதே. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசமாகவே வகுப்பு நடத்துகிறார்கள், முதலில் அங்கே போய்க் கேள். உங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகம் தனியாக வைத்திருக்கிறார்களா என்று பார். பல நகராட்சிகளில் அறிவுசார் மையம் என்றும் திறந்திருக்கிறார்கள். வீட்டில் மூலை கிடைக்காதவர்களுக்கு அது பெரிய உதவி. கூடவே உன்னைப் போலப் படிக்கிற பெண் ஒருத்தி கிடைத்தால் விடாதே. தினமும் ராத்திரி "ஒரு கட்டு ஆச்சு" என்று ஒரு வரி அனுப்பிக்கொள்ளுங்கள். மதிப்பெண் பேசாதீர்கள், கட்-ஆஃப் வதந்தி பேசாதீர்கள். ஆச்சு, ஆகலை, அவ்வளவுதான்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஞாயிறு தோறும் எட்டுக் கட்டையும் ஒரே மூச்சில் போட ஆரம்பி. தேர்வு காலை 9.30 முதல் 12.30 வரை, நீயும் அதே நேரத்தில் உட்கார். கருப்பு பால்பாயின்ட் பேனாதான், ஓ.எம்.ஆர். மாதிரித் தாளை நகல் எடுத்து வட்டத்தைக் கருப்பாக்கியே பழகு. ஒரு கட்டை 20 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்த்தால் கடைசியில் 20 நிமிடம் கையில் இருக்கும். இப்போது ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்று ஒரு வட்டம் கொடுக்கிறார்கள். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதே. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே இரண்டு விடைக்குள் தடுமாறினால் துணிந்து ஒன்றைக் கருப்பாக்கு.

தூக்கத்தைக் குறைக்காதே. 2022, 2024, 2025-ல் பரீட்சை ஜூன், ஜூலையில் வந்தது, அப்படி வந்தால் கடைசிக் கட்டப் படிப்பு நம் ஊரின் கொடும் வெயிலில்தான் விழும். ராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் படித்துவிட்டு மறுநாள் வெயிலில் தலை கிறுகிறுத்துக் கிடந்ததைத் தவிர அதில் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. பத்து மணிக்குப் படு, நாலரைக்கு எழுந்திரு. தரை குளிர்ந்திருக்கும், தெரு அடங்கியிருக்கும், புதுப் பாடத்தை அந்த நேரத்தில் வை. மதியத்துக்கு டப்பா போதும்.

சொந்தக்காரர்கள் "இன்னுமா படிக்கிறே?" என்பார்கள், வரன் பேச்சும் எடுப்பார்கள். எனக்கும் நடந்தது. ஒவ்வொரு முறையும் பதில் சொல்லப்போனால் அன்றைய கட்டு போய்விடும். வீட்டில் அம்மா அப்பாவிடம் மட்டும் உட்கார்ந்து பேசு: இத்தனை முறை எழுதுவேன், இந்த மாதம் வரைக்கும், அதற்குள் வராவிட்டால் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவேன் என்று. கணக்கு தெரிந்துவிட்டால் அவர்களே மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்வார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் தேறியது அப்படித்தான்.

கடைசியாக, அம்மா பக்கத்தில் உட்காராமல் படிப்பது உறுத்துகிறது என்றாயே. எனக்கும் அது ரொம்ப நாள் இருந்தது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன், வெளியே கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஒரு வரி மண்டையில் ஏறாது. ஒரு நாள் அம்மாவே கூப்பிட்டார். "இன்னாடி படிச்ச இன்னிக்கி, இங்க வந்து சொல்லு, நானும் கேக்கறேன்" என்றார். போய் உட்கார்ந்து இலையை நறுக்கிக் கொடுத்துக்கொண்டே ஊராட்சி அமைப்பைச் சொன்னேன். நடுவில், "கிராம சபை எப்பக் கூடும், அதுக்கு நாம போலாமா?" என்று கேட்டார். எனக்குப் பாதிதான் தெரிந்தது. உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பார்த்துச் சொன்னேன். அந்தப் பாடத்தில் அதற்கப்புறம் நான் ஒரு கேள்வியும் விட்டதில்லை.

அதிலிருந்து சாயங்காலத்து ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் அப்படித்தான். முறத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் டப்பா இருக்கும். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர். ஒரு கட்டு முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி மெதுவாகக் கேள்வியை வாசிப்பார். என் கையில் இலையும் கத்தரிக்கோலும் இருக்கும், அதனால் தாளை எட்டிப் பார்க்க முடியாது. அவர் கடைசிக் கேள்வியைக் கூட்டி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டால் அந்தத் தாளை அவரே மடித்து மூன்றாம் டப்பாவில் போடுவார்.